எங்கள் போர்த் தண்ணீரும் அவர்கள் பாறை வெயிலும்

ஏரியூரிலிருந்து உள்ளே வருகிற மண் பாதை முடியும் மேட்டில் எங்கள் கொட்டாய் இருக்கிறது. கொட்டாய் என்றால் குடிசை என்று நினைத்துவிட வேண்டாம். அவரவர் காட்டிலேயே வீடு கட்டிக்கொண்டு சில குடும்பங்கள் சேர்ந்து இருக்கும் இடத்தை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். நான் பொம்மிடிப் பக்கத்திலிருந்து இங்கே வாக்கப்பட்டு வந்தவள். ரயில் சத்தத்திலேயே வளர்ந்தவளுக்கு இந்த மேட்டின் அமைதி முதலில் தூக்கமே வரவிடவில்லை. அப்புறம் கடலைக்காடும் ராகிக்காடும் மாடுமாக வேலை சரியாக இருந்தது. எந்தச் சத்தமும் தேவைப்படவில்லை.

நான் வந்த கொஞ்ச காலத்தில் மாமனார் போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, போட்டார். முதலில் ஓட்டிய இடங்களில் வெறும் புழுதிதான் பறந்தது. கடைசியாகப் பாறை மேட்டை ஒட்டி வண்டியை நிறுத்தினார்கள். பொழுது சாயும் நேரத்தில் சாம்பல் நிறத்தில் சேறு பீய்ச்சி அடித்தது. அதன் பின்னாலேயே தண்ணீர். என் வீட்டுக்காரரும் அவருடைய தம்பியும் தலை முதல் கால் வரை சேறாகி, ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கொழுந்தனார்தான் ஒரு சொம்பில் பிடித்து எனக்குக் கொண்டுவந்தார்.

"குடிச்சுப் பாருங்க அண்ணி. எளநியாட்டம் இருக்குது."

இளநீர் மாதிரி இல்லை. ஆனால் கண்ணாடிபோலத் தெளிந்த தண்ணீர். கொஞ்சம் கனமாக நாக்கில் நின்றது. அதற்கு முன்பு ஏரிக்கரைக் கிணற்றில் சேந்திச் சுமந்தவர்கள் நாங்கள். வீட்டுப் பக்கத்திலேயே தண்ணீர் விழுந்தது கண்ணுக்கும் கைக்கும் பெரிய ஆறுதலாக இருந்தது.

மாமனார் காலமான பிறகு பாகம் பிரித்தார்கள். போர் இருந்த துண்டு பெரியவர் பங்குக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு வந்தது. பாறை மேடும் அதற்குக் கீழே சரிவான நிலமும் கொழுந்தனாருக்குப் போனது. தண்ணீரில் முறை வைத்துப் பாதி தனக்கு வேண்டும் என்று அவர் கேட்டார். கடலைக்கே பத்தவில்லை, எதை எடுத்துக் கொடுப்பது என்று இவர் சொன்னார். பங்காளிகள் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து பேசினார்கள். பேசப் பேசக் குரல் உயர்ந்ததே தவிர ஒன்றும் முடியவில்லை. இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது. மேட்டு நிலத்தில் தண்ணீர் என்பது உயிர் மாதிரி. அதைப் பங்கு போடுவது எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் கொழுந்தனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"நீயே வெச்சுக்கண்ணா. இனிமே அந்தப் போர்த் தண்ணி என் வூட்டு வாசப்படி ஏறாது."

சொன்னபடியே இருந்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் முள்வேலி வந்தது. காய்ந்த நிலத்தில் வானம் பார்த்து விதைத்தார். குடிப்பதற்கு மறுபடியும் ஏரிக்கரைக் கிணறுதான். அந்தச் சுமை அவருக்கு வரவில்லை, என் ஓரகத்தி தலைக்கு வந்தது. காலையிலும் மாலையிலும் தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடமாக எங்கள் தொட்டியைத் தாண்டித்தான் அவள் போக வேண்டும். வேலிக்கு இந்தப் பக்கம் நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பேன். தொட்டி நிறைந்து வழிந்துகொண்டிருக்கும்.

"ஒரு கொடம் இங்கயே புடிச்சுக்கோயேன். யாரு பாக்கப் போறாங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

அவள் நின்றாள். கோபமில்லை அவள் முகத்தில். "வேண்டாங்க்கா. தெரிஞ்சா சாப்புட மாட்டாரு அவரு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எங்களுக்குத் தண்ணீர்க் கவலை விட்டது. ஆனால் சில வருஷங்களில் வீட்டுக்காரருக்கு உடம்பு சொன்னபடி கேட்காமல் போக ஆரம்பித்தது. முதலில் குதிகால் வலி. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது பல்லைக் கடிப்பார். கல்லு மண்ணில் நடக்கிற கால், வலிக்காமல் என்ன செய்யும் என்று விட்டுவிட்டோம். பிறகு இடுப்பு, அப்புறம் கழுத்து. யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் தலையை மட்டும் திருப்ப முடியாது. ஆளே முழுசாகத் திரும்புவார். சம்மணம் போட்டு உட்கார முடியாமல் போனது. களியை நின்றுகொண்டே சாப்பிட்டார். நாற்பதைத் தாண்டி அதிக நாள் ஆகாத மனிதர்; சந்தையில் புதிதாகப் பார்க்கிறவர்கள் அவரைப் பெரியவரே என்று கூப்பிட்டார்கள்.

தைலம் தடவினோம். பென்னாகரத்தில் ஊசி போட்டோம். யாரோ செய்வினை என்றார்கள். அது என் காதில் விழுந்தபோது அவர்கள் பார்வை வேலிக்கு அந்தப் பக்கம் போனதையும் கவனித்தேன். அந்தப் பேச்சை வீட்டுக்குள் கொண்டுவர நான் விடவில்லை.

மகளுக்கு வேறு பிரச்சினை. பால் பல் விழுந்து முளைத்த பல்லெல்லாம் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்து, பிறகு பழுப்புக் கோடு விழுந்தது. சாம்பல் வைத்துத் தேய்த்தாள், உப்பு வைத்துத் தேய்த்தாள். ஈறு புண்ணானதுதான் மிச்சம். கொஞ்ச நாளில் கையை வாய்மேல் வைத்துச் சிரிக்கப் பழகிக்கொண்டாள். போட்டோ எடுக்கும்போது உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்பாள். பெற்றவள் கண்ணில் அது படாமல் இருக்குமா?

பள்ளிக்கூடத்தில் பல் பார்க்க டாக்டர்கள் வந்தபோது அம்மாக்களையும் வரச் சொல்லியிருந்தார்கள். நானும் போனேன், ஓரகத்தியும் வந்திருந்தாள். அவள் மகனும் என் மகளும் ஒரே வகுப்பு. ஒரு டாக்டரம்மா வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், என் மகளைப் பார்த்தார், அடுத்து நின்ற பையனைப் பார்த்தார், மறுபடியும் என் மகளைப் பார்த்தார்.

"இவங்க ரெண்டு பேரும் ஒரே ஊரா?"

"அண்ணன் தம்பி பிள்ளைங்க, மேடம். பக்கத்துப் பக்கத்து வீடு" என்றார் டீச்சர்.

டாக்டரம்மா இரண்டு பேரையும் ஒன்றாக நிற்க வைத்தார். பையன் பல் அரிசிபோல வெள்ளையாக இருந்தது. "எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?" என்று எங்கள் இருவரையும் பார்த்துக் கேட்டார்.

நான் போர் என்றேன். அவள் ஏரிக்கரைக் கிணறு என்றாள்.

"வீட்டுல யாருக்காச்சும் மூட்டு வலி, முதுகு வளையாம இருக்கறது அப்படி ஏதாவது உண்டா?"

எனக்கு முன்னால் ஓரகத்தி பதில் சொல்லிவிட்டாள். "எங்க மாமாவுக்கு இருக்குதுங்க. ஒக்காரவே முடியறதில்ல." வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அந்த டாக்டரம்மா சொல்லி, ஒரு பொறியியல் கல்லூரியிலிருந்து சிலர் எங்கள் கொட்டாய்க்கு வந்தார்கள். அவர்களில் ஒரு பெண் பொறியாளர்தான் முன்னால் நின்று எல்லாம் செய்தார். சேலம் பக்கத்துப் பெண். எங்கள் பேச்சு அவருக்கு இடறவில்லை. ஒவ்வொரு வீட்டுத் தண்ணீரையும் சின்னக் குழாயில் எடுத்து, அதில் சிவப்பாக ஏதோ ஒரு மருந்தைச் சொட்டினார். ஏரிக்கரைக் கிணற்றுத் தண்ணீர் ரோஜா நிறத்தில் நின்றது. எங்கள் தண்ணீர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சளாகிப்போனது.

"ஃபுளோரைடு ஜாஸ்தியா இருக்குதுங்க. ஆழத்துல பாறைக்குள்ள இருக்கற தண்ணில கரைஞ்சு வர்றது. கிணறு மேலாக்க இருக்கறதால மழைத்தண்ணி சேந்து, அதுல அவ்வளவா இல்ல. உங்க தண்ணிய ரொம்ப வருஷம் குடிச்சா மொதல்ல பல்லு போவும், அப்புறம் எலும்பு இறுகிடும்."

"காய்ச்சிக் குடிச்சா சரியாப் போயிடாதுங்களா?" என்று கேட்டேன்.

"காய்ச்சுனா தண்ணிதாங்க கொறையும், அது கொறையாது. இன்னும் சேந்துதான் போவும்."

வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த மஞ்சள் தண்ணீரையே பார்த்தார். எந்தத் தண்ணீருக்காகத் தம்பியோடு பேச்சை விட்டாரோ, அதுதான் அவர் முதுகை இறுக்கிக்கொண்டிருந்தது. கோபமாக வெளியே போய்விட்ட தம்பி வீட்டுப் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. மெதுவாக நடந்து போய் மோட்டாரை நிறுத்தினார். ராத்திரி சாப்பாட்டை அவர் கையில் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் நான் குடத்தை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன். எத்தனையோ வருஷம் கழித்து அந்தப் பாதை. கிணற்றடியில் ஓரகத்தி இருந்தாள். என்னைப் பார்த்ததும் கயிற்றை இழுப்பதை நிறுத்தினாள். சேந்திய தண்ணீரைத் தன் குடத்தில் ஊற்றாமல் என் குடத்தில் ஊற்றினாள்.

"வாளிய ரொம்ப உள்ள வுடாதீங்க்கா. அடியில கலங்கலா இருக்கும்" என்றாள்.

நான் தலையை ஆட்டினேன். வரும்போது இருவரும் சேர்ந்தே வந்தோம். எங்கள் வேலி வந்ததும் அவள் அந்தப் பக்கம் போனாள்.

அந்தக் கோடையில் ஏரி வறண்டது, கிணறும் வறண்டது. காவிரித் தண்ணீர்க் குழாய் கீழே ஊர் வரைக்கும் வந்திருந்தது. மேட்டில் சிதறிக் கிடக்கும் கொட்டாய்களுக்கு இன்னும் வரவில்லை. கொட்டாயில் இருந்த எல்லாரும் வேறு வழியில்லாமல் போர்த் தண்ணீரையே குடிக்க வேண்டிய நிலைமை. கொழுந்தனார் மட்டும் சைக்கிளில் குடங்களைக் கட்டிக்கொண்டு ஊருக்குள் போய் எடுத்துவந்தார். அந்தப் பெண் பொறியாளர் மறுபடி வந்தபோது இதைப் பார்த்தார். வேப்ப மரத்தடியில் எல்லாரையும் உட்கார வைத்துப் பேசினார்.

போர்த் தண்ணீரையே சுத்தம் பண்ணிக் குடிக்கலாம் என்றார். ஒரு தொட்டியில் அலுமினியத் தகடுகளைத் தொங்கவிட்டு அதில் கரண்டு கொடுத்தால், தகடு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து தண்ணீருக்குள் பஞ்சுபோலத் திரளுமாம். அந்தப் பஞ்சில் ஃபுளோரைடு ஒட்டிக்கொண்டு அடியில் உட்கார்ந்துவிடும். மேலே நிற்பதை வடிகட்டி எடுத்துக்கொள்ளலாம். கரண்டு எங்கே இருக்கிறது, எங்களுக்கு முறை வைத்துத்தானே விடுகிறார்கள் என்று ஒருவர் கேட்டார்.

"அதுக்குத்தாங்க சோலார். இந்த மேட்டுல வெயிலுக்கு என்ன பஞ்சம்? பேனல்ல வர்ற கரண்டு நேராத் தகட்டுக்கே போவும். மோட்டாரும் அதுலயே ஓடிக்கும்."

தண்ணீர் வற்றாத போர் எங்களுடையது ஒன்றுதான். ஆனால் அதைச் சுற்றி என் மாமனார் வைத்த தென்னையும் புளிய மரமுமாக ஒரே நிழல். நாள் முழுவதும் வெயில் விழுகிற இடம் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த பாறை மேடுதான். அது கொழுந்தனார் பங்கு. பொறியாளருக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. அவர் பாறையைக் கை காட்டி, "இதவிட நல்ல எடம் கெடைக்காது" என்றார். கூடியிருந்தவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

பங்காளிகள் போய்க் கேட்கிறோம் என்றார்கள். வீட்டுக்காரர் வேண்டாம் என்றுவிட்டார். "நானே போறேன். நீயும் வா" என்று என்னைக் கூப்பிட்டார்.

வேலியைச் சுற்றிக்கொண்டு போனோம். பக்கத்து வீடுதான்; அவர் நடைக்கு அது நீண்ட தூரமாக இருந்தது. கொழுந்தனார் வீட்டு வாசல் நிலை தாழ்வானது. குனிந்துதான் உள்ளே போக வேண்டும். இவரால் குனிய முடியவில்லை. முழங்காலை மடக்கிப் பார்த்தார். பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தார். சத்தம் கேட்டு உள்ளேயிருந்து வந்த கொழுந்தனார், அண்ணன் நிலையைப் பிடித்துக்கொண்டு தவிப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். தூரத்திலிருந்து தினமும் பார்த்திருப்பார். பக்கத்தில் பார்ப்பது வேறு.

"நீ உள்ள வர வேண்டாம், இருண்ணா" என்றார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வெளியே கொண்டுவந்து போட்டார். உட்காரவும் சுலபமாக முடியவில்லை. தம்பி அக்குளில் கை கொடுத்து மெதுவாக இறக்கினார். இறக்கிய பிறகும் கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எத்தன நாளா இப்புடி?"

"ஆச்சு. நீ பேசாம இருந்த நாளெல்லாம்" என்றார் இவர்.

ஓரகத்தி மோர் கொண்டுவந்து இவர் கையில் கொடுத்தாள். இவர் குடித்துவிட்டு டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு பேசினார்.

"அன்னிக்கு உனக்குத் தண்ணி குடுக்கலன்னு நீ வருத்தப்பட்ட. குடுக்காததே நல்லதாப் போச்சுன்னு இப்ப நெனைக்கறேன். ஆனா நான் அதுக்காகக் குடுக்காம இல்ல. அது உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும்."

"அதெல்லாம் எதுக்குண்ணா இப்ப."

"பாற மேட்ட கேக்க வந்தேன். பேனல் வெக்க, எல்லாருக்கும்தான். போரு என்னோடது, அதையும் பொதுவா எழுதிக் குடுத்தர்றேன்."

கொழுந்தனார் பாறை மேட்டைப் பார்த்தார். அங்கே ஒன்றும் விளைவதில்லை. கடலை காயப்போடுவதும், ஆடு ஏறி நிற்பதும்தான். ஆனாலும் அவருக்கு வந்த பங்கு அது. சம்மதம் என்று வாயால் சொல்லவில்லை. "கடலக்காய காயப்போட வேற எடம் பாக்கணும்" என்று மனைவியிடம் சொன்னார். அவள் சரி என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

ஆடி மாதக் காற்று அடங்கியதும் வேலை ஆரம்பித்தது. பாறையில் துளை போட்டு இரும்புக் கால்களை இறக்கினார்கள். நீலக் கண்ணாடிப் பலகைகள் தெற்குப் பார்த்துச் சாய்ந்து நின்றன. தொட்டிகள் மேலும் கீழுமாக வந்தன. கசடு விழுவதற்கு, மண்ணில் இறங்காதபடி சிமெண்ட் பூசிய தனிக் குழி. பைப் போகவேண்டும் என்று வேலியில் ஒரு பக்கம் பிடுங்கினார்கள். பைப் போட்டு முடித்த பிறகு அதை யாரும் திரும்ப அடைக்கவில்லை. பார்த்துக்கொள்ள இரண்டு பெண்கள் வேண்டும் என்று பொறியாளர் கேட்டபோது, கொட்டாய்க்காரர்கள் என்னையும் ஓரகத்தியையும் காட்டினார்கள். வால்வை எப்போது திறப்பது, எத்தனை நேரம் தண்ணீரை அப்படியே விடுவது, கசட்டை எப்படி இறக்குவது எல்லாம் சொல்லிக் கொடுத்தார். நான் ஒன்று மறந்தால் அவள் நினைவு வைத்திருப்பாள். அவள் பயந்தால் நான் கை வைப்பேன். சுவிட்சுக்குப் பக்கத்தில் போகவே அவளுக்குப் பயம். தினமும் காலில் செருப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டுதான் போவாள்.

முதல் நாள் தண்ணீர் தயாரானது. பொறியாளர் அதே சிவப்பு மருந்தைச் சொட்டினார். ரோஜா நிறம் அப்படியே நின்றது. எனக்கு அழுகை வந்தது. வெயில் கண்ணில் படுகிறது என்று முந்தானையால் துடைத்துக்கொண்டேன். ஆனால் யாரும் குடத்தை நீட்டவில்லை.

"கரண்டு பாஞ்ச தண்ணியாச்சே. குடிச்சு கிடிச்சு உள்ள ஷாக் அடிச்சா யாரு பதில் சொல்றது?" என்று ஒருவர் கேட்டார். சிரிப்புக்காகச் சொல்லவில்லை, உண்மையான பயம். இன்னொரு அம்மா ஒரு வாய் வைத்துவிட்டுத் துப்பினார். "சப்புனு இருக்குது. பழைய தண்ணில இருந்த ருசியே இல்ல." பொறியாளர் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். கேட்டுக்கொண்டார்கள், ஒவ்வொருவராக வெறும் குடத்தோடு நகர்ந்தார்கள்.

ஓரகத்தி தன் குடத்தைக் குழாயடியில் வைத்தாள். நிறைந்ததும் இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். கொழுந்தனார் வாசலில் நின்றிருந்தார். எந்தப் போர்த் தண்ணீர் தன் வீட்டு வாசல்படி ஏறாது என்று பங்காளிகள் முன்னால் சொன்னாரோ, அது இடுப்பில் வருகிறது. அவள் படிக்குக் கீழே நின்று அவரைப் பார்த்தாள். அவர் நகர்ந்து வழி விட்டார். பிறகு அவள் பின்னாலேயே போய், கொஞ்ச நேரத்தில் ஒரு சொம்பைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வெளியே வந்து குடித்தார். கொட்டாயில் எல்லாருக்கும் அவர் சபதம் தெரியும். வேறு விளக்கம் யாருக்கும் தேவைப்படவில்லை. மறுநாள் குழாயடியில் வரிசை நின்றது.

எல்லாம் நேராக நடந்தது என்று சொல்ல முடியாது. ஒரு தடவை குரங்குக் கூட்டம் பைப்பை உடைத்துப் போட்டது. கார்த்திகையில் மேகம் மூடிக் கிடந்த நாட்களில் பேனல் சோர்ந்துபோகும். கொஞ்சம்தான் தண்ணீர் வரும். அப்போது குளிக்கவும் துணி துவைக்கவும் பழைய தண்ணீர், குடிக்கவும் உலை வைக்கவும் மட்டும் இந்தத் தண்ணீர் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தோம். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு முதலில் என்று ஓரகத்தி ஒரு வழக்கம் வைத்தாள். அதில் சண்டை வந்தது. எங்கள் இரண்டு வீட்டிலும் பெரிய பிள்ளைகள்தான் இருக்கிறார்கள், நாங்களும்தான் கடைசியில் நிற்கிறோம் என்று நான் சொன்ன பிறகு அடங்கியது. தகடுகள் தேய்ந்து மாற்ற வேண்டி வந்தபோது புதிய தகடு வரும்வரை சுத்திகரிக்கும் தொட்டி சும்மா கிடந்தது. அந்த நாட்களில் கொழுந்தனார் மறுபடி சைக்கிளில் குடம் கட்டினார். இந்தத் தடவை எங்கள் வீட்டுக்கும் சேர்த்துக் கொண்டுவந்தார்.

வீட்டுக்காரர் உடம்பு பழையபடி ஆகவில்லை. இறுகிய எலும்பு இளகாது என்று நாங்கள் போய்ப் பார்த்த தருமபுரி டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். ஆனால் வலி குறைந்தது. ராத்திரி புரண்டு படுக்க முடிகிறது என்றார். மகள் பல்லில் விழுந்த கோடும் போகவில்லை. அவள் இப்போது தருமபுரியில் நர்சிங் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தபோது, கொட்டாயில் ஒரு சின்னக் குழந்தையை மடியில் வைத்து, புதிதாக முளைத்த முன்பல்லை விரலால் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சுத்தமா இருக்கும்மா" என்று என்னிடம் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் கை வாய்க்குப் போகவில்லை. நான் கவனித்ததை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி வைத்துக்கொள்வாளோ என்று பயம்.

காட்டு வேலைக்குப் போக முடியாமல் வீட்டிலேயே இருந்தது வீட்டுக்காரருக்குப் பெரிய குறையாக இருந்தது. ஒருநாள் பாறை மேட்டில் நின்று பேனலைப் பார்த்துக்கொண்டிருந்தவர், தூசி படிந்திருக்கிறது என்று என்னைக் கூப்பிட்டார். நான் வருவதற்குள் நீளக் கம்பில் ஈரத்துணியைக் கட்டி அவரே துடைக்க ஆரம்பித்துவிட்டார். பேனல் நெஞ்சு உயரத்தில் சாய்ந்து இருக்கிறது. குனிய வேண்டாம், திரும்ப வேண்டாம், நேராக நின்றுகொண்டே செய்கிற வேலை. அன்றிலிருந்து அது அவர் வேலை. பொழுது கிளம்பி, கண்ணாடி சூடாவதற்கு முன்னால் துடைத்து முடித்துவிடுவார். யாராவது ஆட்டை அந்தப் பக்கம் விட்டால் சத்தம் போடுவார்.

போன மாதம் நாகமரைப் பக்கத்திலிருந்து ஒருவர் தன் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற விஷயமாக எங்கள் கொட்டாய்க்கு வந்திருந்தார். பேச்சுவாக்கில், தங்கள் பக்கத்துக் கொட்டாயிலும் பிள்ளைகளுக்குப் பல் இப்படித்தான் இருக்கிறது, தன் அண்ணனுக்கும் முதுகு வளைவதில்லை என்றார். வீட்டுக்காரர் அவரிடம் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "தண்ணிய யாராச்சும் பாத்தாங்களா?" இல்லை என்றார் அவர்.

பொறியாளருக்குப் போன் செய்து சொன்னோம். வருகிறேன், அதற்கு முன் அங்கிருப்பவர்களிடம் யாராவது பேசி வைத்தால் நல்லது என்றார். நான் போகிறேன் என்றேன். கொழுந்தனார் வண்டியில் கூட்டிப்போகிறேன் என்றார். வீட்டுக்காரர் இருவரையும் பார்த்தார்.

"நீங்க போயிச் சொன்னா கதையாட்டம் கேப்பாங்க. என்னப் பாத்தா நம்புவாங்க. நான் போறேன்."

கொழுந்தனார் மொபெட்டை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். இவரால் காலைத் தூக்கிப் போட முடியவில்லை. பொம்பளைங்க மாதிரி ஒரு பக்கமாக உட்காரச் சொன்னார் தம்பி. இவருக்கு வெட்கமாகிவிட்டது. பாதையில் யாராவது பார்க்கிறார்களா என்று, தலையைத் திருப்ப முடியாமல், ஆளே திரும்பிப் பார்த்தார். பிறகு ஒரு பக்கமாகவே உட்கார்ந்து, வேட்டியை முழங்காலில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தம்பி தோளில் ஒரு கையை வைத்தார்.

"மெதுவாப் போடா."

"மெதுவாத்தாண்ணா போவும் இது."

ஓரகத்திக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நானும் சிரித்தேன். வண்டி மேட்டை விட்டு இறங்கிப் புளிய மரம் தாண்டும் வரை பார்த்துக்கொண்டு நின்றோம். தொட்டியில் பஞ்சு நன்றாக அடியில் இறங்கியிருந்தது. வால்வைத் திறக்கும் நேரமாகிவிட்டது என்று அவள் சொன்னாள். நான் போய்த் திறந்தேன்.